ஊசியால் குத்தி எழுதும் எந்திரம்! வீட்டு கம்ப்யூட்டருக்கு வாங்கலாமா?

"கிர்ர்... கிர்ர்... கிர்ர்..."

வங்கியில் பாஸ் புத்தகத்தைப் பதியக் கொடுத்தவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். மை ரிப்பன் மீது ஊசிகள் குத்துகிற சத்தம் அது. அந்த எந்திரத்துக்கு "டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்" என்று பெயர். அதாவது, புள்ளி வைத்து எழுதும் எந்திரம்.

கோலம் போடும் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே புள்ளிகள் சேர்ந்தால் கோலம். இங்கே புள்ளிகள் சேர்ந்தால் எழுத்து!

எந்திரத்தின் தலைப் பகுதியில் மெல்லிய கம்பிகள் வரிசையாக இருக்கின்றன. காந்த சக்தியால் கம்பி முன்னே பாய்கிறது. ரிப்பனைக் குத்துகிறது. காகிதத்தில் புள்ளி விழுகிறது.

"இ.பி.யின் மகன்!"

இந்த எந்திரத்துக்குப் பேர்போன கம்பெனிகளில் ஒன்று, ஜப்பானின் எப்சன். அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது.

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. வீரர்கள் ஓடிய நேரத்தைக் காகிதத்தில் அச்சடித்துத் தரும் கருவிகளை, கடிகாரம் செய்யும் செய்கோ குழு செய்து கொடுத்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு 1968-ல் "இ.பி.-101" என்ற சின்னஞ்சிறு அச்சுக் கருவி வெளிவந்தது. நன்றாக விற்றது. அதன் வழியில் பிறக்கப் போகும் எந்திரங்களுக்கு 1975-ல் பெயர் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் மகனுக்கு "சன்" என்று பெயர் அல்லவா? இ.பி.யின் மகன், "எப்சன்" ஆனான்!

நம் நாட்டிலும் சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸ் இவ்வகை பிரிண்டர்களைத் தயாரித்து விற்றிருக்கிறது.

விலை மலிவா?

இல்லை! புதிதாக வாங்கினால், மை பீச்சும் சாதாரண பிரிண்டரைவிட இதற்கு விலை அதிகம். வாங்கும்போது செலவு, ஓட்டும்போது மிச்சம். ரிப்பன் மலிவு. நெடுநாள் உழைக்கும். மை பீச்சும் பிரிண்டரைப் பல வாரம் சும்மா வைத்தால் துளையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே, வேலை என்ன என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

குமரி மாவட்டம் பத்மநாபபுரத்தில் ஒரு குடும்பம் பலசரக்குக் கடை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு கம்ப்யூட்டரில் பில் போட வேண்டும். வாங்குபவருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. நடுவில் கார்பன் வைத்தால் ஊசி ஒரே குத்தில் 3 பிரதியையும் எடுத்துவிடும். லேசர் பிரிண்டரால் இது முடியாது. அது குத்துவதே இல்லையே! இந்தக் குடும்பத்துக்குப் புள்ளி எந்திரம் ஏற்றது.

பிள்ளையின் பள்ளிக்கூடப் படங்களை அச்சடிக்கவா? இதை வாங்கினால் பணம் வீண்.

9 ஊசியா, 24 ஊசியா?

ஆங்கில எழுத்துகள் பிரிண்டருக்குள்ளேயே பதிந்திருக்கும். தமிழ் எழுத்தைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். குமரி மாவட்டத்தில் மலையாளம் எழுதுவோரும் உண்டு. அதற்கும் இதே கதிதான். படமாக அடிக்கும்போது வேகம் குறையும்.

9 ஊசி எந்திரத்தில், மேலிருந்து கீழாக ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் ஊசிகள் இருக்கும். 24 ஊசி எந்திரத்தில் 180. நம் எழுத்துகளோ சுழி நிறைந்தவை. சிறிய எழுத்தில் "ண"வும் "ன"வும் 9 ஊசியில் குழம்பிப் போகலாம். எண்களும் ஆங்கிலமும் போதும் என்பவர் 9 ஊசி வாங்கலாம். தமிழில் கடிதமும் மனுவும் அடித்துப் பிழைக்க நினைப்பவர் கூடுதல் பணம் கொடுத்து 24 ஊசி வாங்குவதே நல்லது.

அகலத்தில் 80 எழுத்து வரி வீட்டுக்குப் போதும். 136 எழுத்து வரி, பெரிய கணக்குப் புத்தகம் வைப்போருக்கு.

பழைய எந்திரம் வாங்கினால்...

கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பல எந்திரங்களில், காகிதத்தை நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் தானாகவே எழுத்துகளை அடித்துக் காட்டும். எல்லா எழுத்தின் குறுக்கேயும் ஒரே மட்டத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா? ஓர் ஊசி போய்விட்டது என்று அர்த்தம். தலைப் பகுதியை மாற்றப் பெருஞ்செலவு ஆகும். அதை வாங்கக் கூடாது. அடித்து முடித்ததும் தலையைத் தொட்டுவிடவும் கூடாது, சுடும்!

பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய எந்திரங்களில் 36 முனை கொண்ட அகலமான செருகி இருக்கும். 1970-ல் புள்ளி எந்திரம் விற்ற சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயரால் அதை அழைப்பார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் அதற்கு இடம் கிடையாது. யு.எஸ்.பி.க்கு மாற்றும் ஒயர் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

குமரி மாவட்டத்தில் மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஈரம் ஏறிய காகிதம் உள்ளே சிக்கிக்கொள்ளும். கட்டைப் பிரித்தால் மிச்சத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்க வேண்டும். எந்திரத்தைப் படுக்கை அறையில் மட்டும் வைக்கக் கூடாது. இரவில் 10 பில் அடித்தால் தொட்டில் குழந்தை எழுந்துவிடும்!