எலுமிச்சம்புல்லிலிருந்து வாசனைத் தைலம்

எலுமிச்சம்புல்லின் தாளொன்றை விரல்களுக்கிடையில் வைத்துக் கசக்கினால் மணம் எழுகின்றது. தாளிலுள்ள நுண்ணிய உயிர்க்கலங்கள் உடைந்து, அவற்றுள் அடங்கியிருந்த தைலம் காற்றிற் கலப்பதே அதற்குக் காரணம். இத் தைலத்தைச் சிறிதளவில் வீட்டிலேயே வடித்தெடுத்தல் இயலும்.

நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். இத் தைலத்தின் பெரும்பகுதியாகிய சிட்ராலோ ஏறத்தாழ 229 பாகையிலேயே கொதிக்கும். அவ்வாறாயின், கொதிநீராவி அதனை எவ்வாறு வெளிக்கொணர்கின்றது? ஒன்றிலொன்று கரையாத இரு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கும்போது இரண்டின் ஆவியமுக்கங்களும் கூடுகின்றன. ஆகவே, 100 பாகையை எட்டுமுன்னரே இரண்டும் சேர்ந்து ஆவியாகின்றன.

வாய் அகன்ற பானையின் நடுவில் ஒரு செங்கற்றுண்டை வைத்து, அதனைச் சுற்றி நறுக்கிய புல்லைப் பரப்பி, புல் நனையுமளவுக்கு நீர் விடவேண்டும். கல்லின்மேல் வெறுங்கிண்ணமொன்றை வைத்து, குமிழ் கிண்ணத்துக்கு நேரே கீழ்நோக்கி இருக்குமாறு மூடியைக் கவிழ்க்கவேண்டும். மூடியின்மேற் குளிர்ந்த நீரை நிரப்பி, அது சூடேறுந்தோறும் மாற்றவேண்டும். அடுப்பு மெல்லென எரிதல் நன்று. ஆவி மூடியிற் பட்டு ஒடுங்கி, குமிழ்வழியே கிண்ணத்திற் சொட்டும். மூடியை மாவினாலோ களிமண்ணினாலோ இறுக அடைத்தல் ஆகாது. வெளியேற வழியின்றி ஆவி பெருகினால் விபத்து நேரும். பானையில் நீர் வற்றிப் புல் கருகவும் விடலாகாது.

கிண்ணத்து நீர் ஆறியபின் தைலம் மெல்லிய படலமாக மேலே மிதக்கும். கறுவா இலைத் தைலமோ நீரிலும் அடர்த்தி மிக்கதாதலால் அடியிலே தங்கும். 1 கிலோகிராம் பச்சைப்புல் 2 முதல் 4 கிராம் வரையான தைலமே தரும். அது ஒரு தேக்கரண்டியையும் நிரப்பாது. எஞ்சிய மணநீரைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம். மல்லிகைக்கு இம்முறை பொருந்தாது. அதன் மென்மணம் சூட்டிற் கெடும். எள்ளுடன் மல்லிகை மலரை அடுக்கி, மணமேறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பது இந்தியாவின் பழைய வழக்கம்.

இலங்கையின் தென்பகுதியில் இதே தத்துவத்தைக் கொண்டு பெரிய கொதிகலங்களிற் சிற்றனெல்லாத் தைலம் வடிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது இந்நாட்டின் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

தோட்டத்திற் பிறந்தது தீங்கற்றது என்ற எண்ணமே இதில் அஞ்சத்தக்கது. ஒரு கூடைப் புல்லின் காரம் சில துளிகளிற் செறிந்திருக்கின்றது. தேங்காயெண்ணெயிற் கலந்து ஐதாக்காமல் அதனைத் தோலிற் பூசலாகாது, உட்கொள்ளவும் கூடாது. யூக்கலிப்டசுத் தைலம் சிறிதளவு உட்சென்றாலும் குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் உண்டாகலாம். அவ்வாறு நேர்ந்தால் வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, குப்பியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரையவேண்டும்.

ஆதலால், தைலத்தை வடிப்பவர் அதனை நிறமிட்ட கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பெயரெழுதி ஒட்டி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தபின்பே அடுப்பை விட்டு அகலவேண்டும்.