இரும்புக்கு ஒரு சட்டை

திருவனந்தபுரம் கடலோர நகரம். விழிஞ்ஞம், பூந்துறை, சங்குமுகம் கரைகளில் எப்போதும் உப்புக்காற்று வீசும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கதவுக் கீல் இறுகிவிடும். படகின் போல்ட் அரித்துப்போகும்.

இதைத் தடுக்க வழி உண்டா? உண்டு. இரும்பின்மேல் வேறு உலோகத்தைச் சட்டைபோலப் போர்த்தலாம். இதுவே முலாம் பூசுதல். இரும்புக்கு அதிகமாகப் பூசுவது துத்தநாகம்.

எப்படிப் பூசுகிறார்கள்?

பட்டறையில் செய்த போல்ட்டில் எண்ணெயும் துருவும் இருக்கும். முதலில் எண்ணெயைக் கழுவுவார்கள். பிறகு ஆசிட்டில் முக்கித் துருவை எடுப்பார்கள். அழுக்கு இருந்தால் முலாம் உரிந்துவிடும்.

அடுத்து, துத்தநாக உப்பைக் கரைத்த தொட்டியில் போல்ட்டைத் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் துத்தநாகத் தகடு தொங்கும். பேட்டரியில் இருப்பதுபோல மின்சாரத்தில் இரண்டு முனைகள் உண்டு. கூட்டல் முனையைத் தகட்டில் இணைப்பார்கள். கழித்தல் முனையைப் போல்ட்டில் இணைப்பார்கள். மின்சாரம் பாயும்போது தகடு கரையும். கரைசலில் உள்ள துத்தநாகம் போல்ட்டில் படியும்.

1805-ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு அறிஞர் புருஞ்ஞதெல்லி மின்சாரத்தால் தங்க முலாம் பூசினார்.

எதை வாங்குவது?

முலாமில் சிறு கீறல் விழுந்தாலும் இரும்பு உடனே துருப்பிடிக்காது. துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆகவே, முலாம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு காலம் உழைக்கும்.

மின்சாரத்தால் பூசும் முலாம் தலைமுடியைவிட மெல்லியது. வீட்டுக்குள் இது போதும். கடற்கரைக்குப் போதாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் தடிமனாகப் படியும். ஜி.ஐ. குழாய்க்கு இப்படித்தான் பூசுகிறார்கள். கடலோரத்தில் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

தொழிலாளர் கவனத்துக்கு

முலாம் தொட்டியில் இருப்பது விஷம். சில பட்டறைகளில் சயனைடு சேர்ப்பார்கள். அதில் ஆசிட் கலந்தால் ஆளைக் கொல்லும் வாயு வரும். குரோமியம் முலாம் பூசும் தொட்டியின் ஆவி மூக்கைப் புண்ணாக்கும். நுரையீரலில் புற்றுநோயும் வரலாம்.

கையுறை, பூட்ஸ், கண்ணாடி, ஆவியை வெளியேற்றும் மின்விசிறி ஆகியவை கட்டாயம் தேவை. இவற்றைத் தருவது முதலாளியின் கடமை. கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் கிணறு கெடும். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் யாரும் புகார் எழுதலாம்.

இரும்பைக் காக்கும் வேலையில் மனிதர் கெடக் கூடாது.