மூலநிரலிலிருந்து பட நிரலகம்: லெப்டோனிகாவைத் தொகுத்தலும் தமிழ் எழுத்துணரிப் பணியும்

முன்னுரை

அச்சுநூல்களின் பக்கப் படங்களைக் கணினி எழுத்தாக மாற்றும் கட்டற்ற எழுத்துணரிகளுள் டெசரக்ட் குறிப்பிடத்தக்கது. ஹியூலட்-பேக்கார்டு நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பெற்ற இம்மென்பொருள் தமிழையும் அறியும். எனினும், படக் கோப்பைத் திறந்து படிக்கும் பணியை அது டான் புளூம்பெர்க் உருவாக்கிய லெப்டோனிகா என்னும் பட நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. எனவே, கிடைக்கும் பாடம் அந்நிரலகம் தொகுக்கப்பெற்ற முறையையும் சார்ந்தது. இச்சார்பை இக்கட்டுரை விளக்குகிறது.

தொகுத்தலின் தேவை

பழைய நூலின் மங்கிய தாளைக் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது மெய்ப்புள்ளி மறைந்துவிடக்கூடும். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். பக்கம் முழுமைக்கும் ஒரே எல்லையை வகுக்கும் ஒட்சு முறை, ஒளி சீரற்ற தாளுக்குப் பெரிதும் பொருந்துவதில்லை. இடத்திற்கேற்ப எல்லையை மாற்றும் லெப்டோனிகாவின் சவோலா முறையைத் தேர்ந்துகொள்ள டெசரக்ட்டின் ஐந்தாம் பதிப்பு இடமளிக்கிறது. இயங்குதளத்தின் களஞ்சியத்தில் பழைய பதிப்பே இருப்பின், புதியதை மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொள்ள நேர்கிறது.

தொகுத்தலின் படிகள்

லெப்டோனிகாவின் மூலநிரல் சி மொழியில் அமைந்தது. லினக்ஸில் அதனைத் தொகுக்கும் பணி மூன்று கட்டளைகளால் நிகழ்கிறது. ‘கான்ஃபிகர்’ கணினியில் உள்ள துணை நிரலகங்களை ஆராய்ந்து பட்டியலிடுகிறது. ‘மேக்’ ஒவ்வொரு மூலக்கோப்பையும் இயந்திர மொழிக்கு மாற்றி ஒரே நிரலகமாக இணைக்கிறது. ‘மேக் இன்ஸ்டால்’ அதனை உரிய அடைவில் நிறுவுகிறது.

ஓசையற்ற விடுபாடு

டிஃப், ஜேபெக், பிஎன்ஜி ஆகிய வடிவங்களைப் படிக்க லெப்டோனிகா வேறு நிரலகங்களை நாடுகிறது. லிப்டிஃப் அகப்படாவிடில் ‘கான்ஃபிகர்’ நின்றுவிடுவதில்லை. டிஃப் வசதியை விலக்கிவிட்டு மேலே செல்கிறது. தொகுத்தலும் பிழையின்றி நிறைவுறும். டிஃப் படமொன்றைப் படிக்க முற்படும்போதே குறை தெரியவரும். நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தானியக்கமாகச் செலுத்துகையில் பிழைச்செய்திகள் கவனிக்கப்படாவிடில், சில பக்கங்கள் தரவிலிருந்து விடுபடும். அத்தரவைக் கொண்ட சொல்லடைவும் சொல் எண்ணிக்கையும் பிழைபடும்.

டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் இதற்கொரு பொதுவான காரணம் உண்டு. லிப்டிஃப் நிறுவப்பெற்றிருப்பினும், தொகுத்தலுக்கு இன்றியமையாத தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ என முடியும் தனிப் பொதியில் உள்ளன. அப்பொதியை முன்னரே நிறுவுதல் வேண்டும். ‘வித்-லிப்டிஃப்’ என்னும் விருப்பத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டால், அந்நிரலகம் கிடைக்காதபோது ‘கான்ஃபிகர்’ பிழைகாட்டி நின்றுவிடும். ஓசையற்ற விடுபாட்டினும் இத்தடை நன்று.

சரிபார்த்தல்

பழைய நிரலகமும் புதியதும் ஒரே கணினியில் வெவ்வேறு அடைவுகளில் இருத்தல் கூடும். எழுத்துணரி எதனோடு இணைந்துள்ளது என்பதை ஊகித்தல் ஆகாது. டெசரக்ட்டின் பதிப்பை வினவும் கட்டளை, லெப்டோனிகாவின் பதிப்பெண்ணையும் அதனோடு இணைந்த பட நிரலகங்களையும் வரிசையாகக் காட்டும். அப்பட்டியலில் லிப்டிஃப் இல்லையெனில் தொகுத்தலை மீளச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் ஒப்புநோக்கிய சுவடிகளைப் பற்றிய விவரங்களைப் பதிவுசெய்தார். அதனால் ஒரு பாடம் எதனின்று கொள்ளப்பெற்றது என்பதைப் பின்வந்தோர் ஆராய முடிந்தது. எழுத்துணரி வழிப் பெற்ற பாடத்திற்கும் இந்நெறி பொருந்தும். பயன்படுத்திய பதிப்பெண்கள், தொகுத்தல் விருப்பங்கள், இணைந்த நிரலகங்கள், கருப்பு வெள்ளையாக்கிய முறை ஆகியவற்றை ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். அவை இல்லையேல், இரு ஆய்வாளர் ஒரே நூலிலிருந்து பெற்ற பாடங்கள் வேறுபடும்போது, அவ்வேறுபாடு மூலநூலினதா கருவியினதா என்று துணிய வழியிராது.