உப்புக் காற்றில் நின்ற பைக்

நாகப்பட்டினத்தில் பழைய பைக் பார்க்கப் போகிறவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். அதைவிட, "இத்தனை வருஷமும் வண்டி எங்கே நின்னுச்சு?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற வண்டியும் தஞ்சாவூரில் ஒரு வீட்டு ரேழியில் நின்ற வண்டியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம். அதற்காக இரண்டும் ஒரே வண்டி ஆகிவிடாது.

ஸ்போர்ட்ஸ் டூரிங் வகை பைக்குக்கு இது இன்னும் பொருந்தும். ரேஸ் பைக்கில் டேங்கின்மேல் வயிறு படியக் குனிய வேண்டும்; திருவாரூர் தாண்டுவதற்குள் மணிக்கட்டு கடுக்கும். நிமிர்ந்து உட்காரும் வண்டியில் வேகம் ஏற ஏறக் காற்று மார்பில் அறையும். இரண்டுக்கும் நடுவில் பிறந்தது இந்த ரகம்: ஹேண்டில்பார் சற்று உயரம், காற்றைத் தள்ளிவிட முன்னால் ஃபேரிங், நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடச் சலிக்காத இன்ஜின். பி.எம்.டபிள்யூ 1976-இல் கொண்டுவந்த ஆர் 100 ஆர்.எஸ். இதற்கு முன்னோடி. அதன் ஃபேரிங்கைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தே வடிவமைத்தார்கள்.

நம் ஊரில் இந்த ஆசையை விதைத்தது ஹீரோ ஹோண்டா 2003-இல் இறக்கிய கரிஸ்மா: 223 சிசி, ஏறக்குறைய 17 குதிரைத்திறன். 2009-இல் அதன் இசட்.எம்.ஆர்., 2011-இல் ஹோண்டாவின் சி.பி.ஆர். 250 ஆர், 2016 டிசம்பரில் பஜாஜ் டோமினார் 400 என்று வரிசை நீண்டது. புதிதாக வாங்கப் பணம் போதாதவர்கள் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். தேடுவதில் தப்பில்லை. கோயம்புத்தூர் வரை போகும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாகையில்தான் தொடங்குகிறது. தூத்துக்குடி வரை கடலோரமாகப் போகும் 32-ஆம் எண் சாலையும் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேடு பள்ளம் இல்லாத டெல்டாவில் நீண்ட தூரம் ஓட்ட இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் காற்றில் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். நீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு பல மடங்கு வேகமாக ஏறும். இதற்கு மழைகூட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியில் படிந்த உப்புத் தூள் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நாகை ராத்திரிகளுக்கு அந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம்.

அலுமினியத்தின் கதை வேறு. தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கும் உலோகம் அது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையும் துளைத்துவிடும். பைக்கின் இன்ஜின் கூடு அலுமினியம். அதை இறுக்கும் போல்ட் ஸ்டீல். இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், நாளைக்கு அந்த போல்ட்டைக் கழற்றும்போது மரையும் கூடவே வரும்.

ஃபேரிங் இருக்கிற வண்டியில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ரேடியேட்டர் தாங்கிகள் செங்கல் நிறத்தில் இருக்கும். பக்கவாட்டு ஃபேரிங் ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற கடைக்காரரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். முன் ஷாக்கில் ஏறி இறங்கும் குரோம் பூசிய குழாய்தான் ஃபோர்க் பைப். துணியால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். கடுகின் கால்வாசி அளவுக்கு ஒரு புள்ளி நகத்தில் தட்டினாலும் போதும். அங்கே குரோம் விட்டுப்போய் உள்ளே துரு கிளம்பியிருக்கிறது. பள்ளத்தில் ஷாக் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி ஓர் அரம் போல ஆயில் சீலை ராவும். சீல் கிழிந்தால் ஆயில் வழிந்து பிரேக் டிஸ்க்கில் சேரும். புது சீல் போட்டுத் தருகிறேன் என்பார்கள். பைப் மாற்றாமல் சீல் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்ப ஒழுகும்.

இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்று சந்தேகப்படலாம். ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால், சாவி போட்டதும் அதன் விளக்கு எரிந்து, வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஏ.பி.எஸ். அமைப்பில் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ அதை எரியவிடாமல் செய்திருக்கலாம். 125 சிசி-க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சிங்கிள் ஓனர் சார், ஃபாரின்ல இருக்கார், வண்டி வீட்லயே கவர் போட்டு நிக்குது." இதைக் கேட்டு மயங்கிவிடுகிறோம். கடற்கரை ஊரில் ஓடாமல் நின்ற வண்டி, ஓடிய வண்டியைவிட மோசம் என்பதே என் முடிவு. கவருக்குள் ஈரம் தங்கும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றிலிருந்து நீரை இழுக்கும். பாதி காலியான டேங்க் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். அந்தத் துரு இன்ஜெக்டரை அடைக்கும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். அதற்கு முந்திய வண்டி என்றால், சீட்டுக்கு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் உலர்ந்த சேறு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சென்னையில் 2015-இலும் 2023-இலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கும் இதே சோதனைதான். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லுக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஓடிய வண்டி என்றால், ரேடியேட்டர் இடுக்குகளில் பதர் அடைத்திருக்கும். ஊதினால் போய்விடும்; அதற்காக விலையைக் குறைக்கச் சொல்வது அநியாயம்.

வண்டி தேறிவிட்டால் காகிதம். பக்கத்திலேயே புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். பி.ஒய். 02 பதிவெண் வண்டி விலை குறைவு என்று இங்கே விற்பனைக்கு வரும். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. காரைக்கால் அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி., பிறகு நம் மாநில வரி. இந்தச் செலவைக் கூட்டினால் டி.என். 51 வண்டியே மலிவாக இருக்கலாம். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்களில் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும்; ஃபாரினில் இருப்பவருக்குப் பதிலாகத் தம்பி போட்டால் செல்லாது. லோன் இருந்திருந்தால் 35-ஆம் படிவமும் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதமும் வேண்டும். 15 ஆண்டு தாண்டிய கரிஸ்மா என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் கொடுத்த வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு தரப்பும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். வாங்குகிறவர், ஆர்.சி.யில் தன் பெயர் ஏறும்வரை பணத்தில் ஒரு பங்கைக் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.