ஊர்க் கணக்கு – 14: கோப்புக்கு எத்தனை வயது?

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடியும்போதே அதன் ஆயுளும் எழுதப்பட்டுவிடுகிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். இந்தக் கெடுவை எதை வைத்து முடிவு செய்வது? பதிவறையில் இடமில்லை என்பது காரணமே ஆகாது. அந்தத் தாளைத் தேடி ஒருவர் எவ்வளவு காலம் கழித்து வருவார் என்று பார்க்க வேண்டும்.

தென்காசிப் பக்கம் மிகவும் தாமதித்தே வருவார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். பாட்டன் நிலத்தில் பங்கு கேட்கும் பேரன், மகாராஜா காலத்துப் பத்திரம் தொடங்கி இன்றைய பட்டா வரை இடையறாமல் காட்டியாக வேண்டும். நடுவில் ஒரு தாள் செல்லரித்திருந்தாலும் வழக்கு அங்கேயே நின்றுவிடும். குற்றாலத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் கொட்டாரம் இன்றும் கேரளப் பொதுப்பணித் துறை வசம் இருக்கிறது. மாநில எல்லை தாண்டி நிற்கும் அந்த உரிமைக்குப் பழைய ஏடுகளை விட்டால் வேறு சாட்சி ஏது?

பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை ஒருநாளும் அழிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நல்லது. ஆனால் மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றைக் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருந்தால் போதுமாம். ஒருவர் இறந்தார் என்பது என்றைக்கும் நிற்கும். எதனால் இறந்தார் என்று சொல்லும் மூலத் தாள் ஐந்தாண்டில் போய்விடலாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோனது. இதற்கு முன் எந்தெந்த ஆண்டில், எந்த நேரத்தில் வெள்ளம் இறங்கியது, யார் எச்சரித்தார்கள், தடுப்புக் கம்பி கேட்டு யார் எழுதினார்கள்? இதெல்லாம் சாதாரணக் கடிதப் போக்குவரத்து, ஓ.மு., மூ.மு. என்று முடிந்துபோகக் கூடிய வகை. அருவியோ முப்பது ஆண்டு கழித்தும் அதே சீற்றத்தோடு இறங்கும். அருவிக்கரைக் கோப்பு ஒவ்வொன்றும் நி.மு. ஆக வேண்டும். சீசன் கடை ஏலம், வாகன நிறுத்தக் குத்தகைக் கோப்புகளை, தணிக்கைத் தடை தீர்ந்து வழக்கும் இல்லையென்றால், தாராளமாகக் கழிக்கலாம். சாரல் ஈரத்தில் எல்லாத் தாளையும் காப்பாற்ற முடியாது. காக்க வேண்டியவற்றுக்காவது உலர்ந்த அறையும் இரும்பு அலமாரியும் கொடுக்கலாமே.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு, இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிக் கேட்டால், சில விலக்குகள் தவிர, தகவலைத் தரச் சொல்கிறது. சட்டமே இருபது ஆண்டு கழித்து ஆள் வருவார் என்று எதிர்பார்க்கிறது. பத்தாண்டுக் கோப்பு அதற்குள் சாம்பல். "விதிப்படி அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். எந்தத் தேதியில், யார் உத்தரவில் அழித்தார்கள் என்ற பட்டியலின் நகலைக் கேளுங்கள்.

அழிப்பதற்கு முன்பே அந்தப் பட்டியல் மக்கள் கண்ணில் பட வேண்டும். ஆயிரப்பேரி போன்ற ஊராட்சியில் கிராம சபையில் வாசிக்கலாம். குற்றாலம் பேரூராட்சியிலும் தென்காசி நகராட்சியிலும் மன்றத்தில் வைத்து, அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் ஒட்டலாம். இந்தக் கோப்பு எனக்கு வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் அதை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும்.

(தொடரும்)