நாரைகளின் தாய் வீடு
கூந்தன்குளத்தில் ஒரு பங்குனிப் பொழுது

பங்குனி மாதம். கிழக்கு வெளுக்கும் நேரம். வேப்ப மரங்கள் பூத்து மணக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளம் கிராமம் கண் விழிக்கிறது. பெண்கள் வாசல் தெளிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மரக்கிளைகளில், நாரைக் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துகின்றன!

ஆம்! இங்கே பறவை பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. புறக்கடை மரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் பெண்ணைப்போல, மார்கழி வாக்கில் வந்து, குஞ்சு பொரித்து, வளர்த்து, கோடையில் புறப்படுகின்றன.

குளக்கரையில்

வெயில் ஏறுமுன் கரைமேல் நின்று பாருங்கள். நாரை, அலகைச் சற்றே திறந்து தண்ணீருக்குள் வைத்து, இப்படியும் அப்படியும் துழாவுகிறது. மீன் அலகில் பட்டதும் ‘டக்’கென்று மூடிக்கொள்கிறது. கலங்கிய தண்ணீரிலும் அதற்கு மீன் கிடைத்துவிடும்.

பட்டைத்தலை வாத்துகளுக்கோ இது விடைபெறும் காலம். மங்கோலியா, திபெத் பகுதிகளே அவற்றின் சொந்த ஊர். இமயமலையைத் தாண்டித் திரும்பிப் போக வேண்டும்!

உச்சி வெயிலில்

நண்பகலில் நாரையின் கூட்டைப் பார்த்தால் கண் கலங்கும். தாயோ தந்தையோ சிறகை விரித்து, வெயிலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, குஞ்சுகளுக்கு நிழல் தந்து நிற்கிறது.

முட்டை பொரிக்க ஏறக்குறைய 1 மாதம். குஞ்சு சிறகு முளைத்துப் பறக்க மேலும் 2 மாதம். அதுவரை குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் வற்றினால் மீன் இல்லை; மீன் இல்லாவிட்டால் குஞ்சுக்கு உயிர் இல்லை. நாளுக்கு நாள் தண்ணீர் இறங்குகிறது. நாளுக்கு நாள் சிறகு வளர்கிறது. எது முந்தப்போகிறது? பங்குனியில் ஊராரின் கவலை இதுதான்.

ஊரின் கட்டுப்பாடு

எச்சத்தின் நாற்றமும் ஓயாத இரைச்சலும் சாமானியமானவை அல்ல. ஆனாலும் ஒருவரும் கல்லெடுப்பதில்லை. வெடிச் சத்தம் பறவைகளை மிரட்டும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசைத் தவிர்க்கிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடுகிறார்கள்.

பறவை வந்தால் மழை வரும், ஊர் செழிக்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. நம்பிக்கைக்குக் கைமேல் பலனும் உண்டு. எச்சம் கலந்த குளத்து வண்டல், வயலுக்கு முதல்தரமான உரம்!

1994-ல் அரசாங்கம் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு சுமார் 129 ஹெக்டேர். பின்னர் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது. ஆனால் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே ஊரின் கட்டுப்பாடு வந்துவிட்டது.

அந்தி சாய்கிறது. இரை தேடப் போன நாரைகள் வரிசை வரிசையாகத் திரும்புகின்றன. ஒரு வீட்டுத் திண்ணையில் கிழவி ஒருத்தி பேரனுக்குச் சோறு ஊட்டுகிறாள். மேலே, புளிய மரத்தில், நாரையும் தன் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. இரண்டும் ஒரே வீடுதானே!