மூன்று மணி நேரம் கொடுத்தோம். நீ கொடுத்தது என்ன?

கம்பம் நகரம். மாலை மங்கும் வேளை. மலையிறங்கி வந்த ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கதிரவன் கண்விழிக்கு முன்னே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போன தாய்மார்கள், தூக்குச்சட்டியும் துவண்ட தோளுமாக இறங்குகிறார்கள். எதிர்ச் சுவரிலே பளபளக்கிறது ஒரு சுவரொட்டி. இரும்பு உடல், நெருப்பு விழி, பின்னாலே நொறுங்கி விழும் நகரம்! அறிவியல் படமாம். பல நூறு கோடியாம். மூன்று மணி நேரமாம்!

சுவரொட்டியை அண்ணாந்து பார்த்து நின்ற ஓர் அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"படத்துக்குப் போவீங்களா அக்கா?"

"போகாம என்ன தம்பி! ஆனா மூணு மணி நேரம்ங்கிறாக. பாதியில கண்ணசந்துட்டா குடுத்த காசு போச்சே!"

சிரித்தோம். சிரித்துவிட்டுச் சிந்தித்தோம். பக்கம் பக்கமாகத் திரை விமர்சனம் தீட்டும் மேதைகள் சொல்லாததை, ஏலக்காய் மணக்கும் கையோடு நின்ற அந்த அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். காசு மட்டுமா போகிறது? நாளை விடியுமுன் மீண்டும் ஜீப் ஏறவேண்டிய உடம்பு, தன் உறக்கத்திலிருந்து மூன்று மணி நேரத்தை வெட்டி எடுத்துப் படமுதலாளியின் கையிலே கொடுக்கிறது. கொடுத்ததற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? இதுதான் நம் கேள்வி.

நீளம் குற்றமா? இல்லை! இராமுழுதும் வள்ளி திருமண நாடகம் பார்த்து, பொழுது புலர்ந்தபின் பாய் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பிய மக்கள் நம் மக்கள். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடிய காலத்தில், பதினெட்டாயிரம் அடிப் படத்தை மூன்று மணி இருபது நிமிடம், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தவர்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டது. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 11,000 அடிக்கு மேல் படம் கூடாது என்று அன்றைய அரசு கட்டளையிட்டது. அப்போதும் 'அப்பாடா, தொல்லை குறைந்தது' என்று நம் மக்கள் சொல்லவில்லை. 1952-ல் 'பராசக்தி' வந்தபோது நீதிமன்றக் காட்சியின் நெடும் பேச்சை மனப்பாடம் செய்து மேடைதோறும் முழங்கினார்கள். ஆகவே, நீளம் கண்டு மிரளும் கூட்டமல்ல இது. நீட்டி முழக்கி, வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பினால்தான் இதற்குக் கோபம் வரும்.

அதிலும் தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் படக்கலையைப் பொறுத்தவரை சாதாரணச் சீமையா? அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-ல் '16 வயதினிலே' எடுத்து, படப்பிடிப்பு நிலையத்துக்குள் அடைபட்டுக் கிடந்த கேமராவை வயல்வரப்புக்கு இழுத்து வந்தார். பண்ணைப்புரத்து இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்து, நாற்று நடும் பெண்ணின் மெட்டை நாடறியச் செய்தார். வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தின் இரும்பு மனிதனுக்கும் பாட்டெழுதினார். இப்படிப்பட்ட மண்ணின் மக்களிடம் 'உனக்கென்ன தெரியும், பளபளப்பைப் பார், கைதட்டு, போ' என்று ஒருவன் சொன்னால், அவன் ஏமாறப் போகிறான் என்று பொருள்.

அறிவியல் படம் தமிழனுக்குப் புதிதும் அல்ல. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்ணிலே உலகைச் சுற்றி வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1963-ல், 'கலை அரசி' வந்துவிட்டது. ஏ. காசிலிங்கம் இயக்கினார், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். கதை என்ன? இசை என்றால் இன்னதென்று அறியாத வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்கள், தம் மக்களுக்கு இசை கற்பிக்க இங்கிருந்து ஒரு பாடகியைக் கடத்திப் போகிறார்கள்! பறக்கும் தட்டு அட்டையாக இருக்கலாம். உடுப்பு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு கேள்வி இருந்தது: எல்லாம் பெற்ற உலகம் கலை ஒன்றைப் பெறாவிட்டால் எப்படியிருக்கும்? கேள்வி இருந்ததால்தான் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைப் பேசுகிறோம்.

'எந்திரன்' ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். அதிலே நாம் மறக்காதது எது? ஆயிரம் சிட்டிகள் சேர்ந்து உருண்டு திரளும் அந்த இறுதிப் போரா? அதைப் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கட்டும். நாம் மறக்காதது அந்தத் தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை எந்திரன் நெருப்பிலிருந்து காப்பாற்றித் தூக்கி வருகிறான். உயிர் பிழைத்தாள், ஆனால் ஊர் பார்க்கிறது, கேமரா பார்க்கிறது. கூசிக் குறுகி ஓடுகிறாள்; வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். எந்திரனுக்கு நெருப்பு தெரிந்தது, மானம் தெரியவில்லை. ஊருக்கு மானம் தெரிந்தது, ஒரு துணியை எடுத்துப் போர்த்தத் தெரியவில்லை! யாரடா இங்கே இயந்திரம் என்று நெஞ்சில் அறைந்து கேட்ட காட்சி அது. சில நிமிடம்தான். மூன்று மணி நேரத்துக்கும் அதுவே விலை தந்துவிட்டது.

எட்டாண்டு கழித்து, 2018 நவம்பரில், அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. 500 கோடிக்கு மேல் செலவு என்று விளம்பரம் பேசியது. பறவைகளைக் காக்க வேண்டும் என்று படம் சொன்னது, நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எப்படிச் சொன்னது? செல்பேசிக் கோபுரத்தின் கதிர்தான் பறவைகளைக் கொன்றது என்று தீர்ப்பே எழுதிவிட்டது. அறிவியல் அப்படி உறுதி செய்யவில்லை. சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கூடுகட்ட இடமில்லாமை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியில்லாமை என்று ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் ஓடியது. அவர்கள் வணிகர்கள், தங்கள் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நம் கவலை வேறு. செத்தவனின் உடலைச் சூழ்ந்த ஒளியும் செத்த பறவைகளின் ஒளியும் ஒன்றாகிப் பழிவாங்க வந்தன என்று கதை போனதே, அங்கேதான் நமக்குச் சுருக்கென்றது. பேய்க்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டு 'இவர்தான் அறிவியல்' என்று அறிமுகம் செய்தால் ஏற்க முடியுமா?

2024 ஜூனில் வந்தது 'கல்கி 2898'. தெலுங்கில் எடுத்துத் தமிழிலும் பேசவைத்த படம். இதுவும் மூன்று மணி நேரம். நல்ல கற்பனை ஒன்று அதிலே உண்டு. வானத்திலே தொங்கும் ஒரு மாளிகை, மண்ணிலுள்ள நீரையும் வளத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. கீழே உள்ளவன் காய்ந்து சாகிறான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்காகத் தெருவில் நின்ற நம் உழவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை! ஆனால் விடை என்ன சொன்னார்கள்? அவதாரம் வருவார், பொறுத்திரு! இன்னும் எண்ணூற்றெழுபது ஆண்டு போனாலும் நாம் வானத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கத்தான் வேண்டுமாம். காலத்தை முன்னே ஓட்டிவிட்டுக் கருத்தைப் பின்னே ஓட்டுவதற்கு அறிவியல் எதற்கு?

'படம் தானே அய்யா, பொழுதுபோக்கு, இதற்கா இத்தனை கோபம்?' என்று கேட்பீர்கள். வாருங்கள், போடிக்குப் போவோம்.

போடி மேற்கு மலையடிவாரத்தில் பொட்டிபுரம் என்றோர் ஊர். அந்த மலையைக் குடைந்து, உள்ளே ஐம்பதாயிரம் டன் இரும்பாலான கருவி அமைத்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்வதற்கு 2015 சனவரியில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம். அந்தச் சொல் இந்தப் பள்ளத்தாக்கின் காதில் விழுவதற்குச் சில ஆண்டு முன்பே, 2009-ல், '2012' என்றொரு ஆலிவுட் படம் உலகெங்கும் ஓடியிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான படம். அதிலே கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் குணம் மாறி, பூமியின் வயிற்றை அடுப்பிலிட்டது போல வேகவைக்கின்றன, நிலம் பிளக்கிறது, கடல் பொங்குகிறது!

அந்த அக்காவும் நம்மிடம் கேட்டார்: "நியூட்ரினோன்னு ஒண்ணு சொன்னாகளே தம்பி, அது நெசமாவே நம்மள வேகவச்சிருமா?"

வேகவைக்காது அக்கா! இதோ, இந்த வரியைப் படிக்கும் ஒரு நொடியில் நம் கட்டைவிரல் நகத்தின் வழியே மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம் கோடி நியூட்ரினோக்கள் போய்விட்டன. பிறந்த நாள்தொட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது. அவ்வளவு நழுவும் துகள் என்பதால்தான் அதைப் பிடிக்க மலைக்கடியில் போக வேண்டியிருக்கிறது. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் அதன் தடத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

அப்படியானால் திட்டத்தை எதிர்த்தவர்கள் தவறா? அதுதான் இல்லை! மலை குடைவதால் காடு என்னாகும், ஊற்று என்னாகும் என்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் மறுப்புச் சொன்னபோது, மதிகெட்டான் – பெரியாறு புலிகளின் வழித்தடத்தையும் மேற்கு மலையின் நீர்ப்பிடிப்பையும் காட்டித்தான் சொன்னது. காடும் நீரும் கண்ணெதிரே நிற்கும் சாட்சிகள். அவற்றோடு கொதிக்கும் பூமி என்ற கட்டுக்கதையையும் சேர்த்துக்கொண்டால், எதிர்த்தரப்பு கட்டுக்கதையை மட்டும் எடுத்துக்காட்டிக் கைகொட்டிச் சிரிக்காதா? 'பாமரன், பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் சூட்டி, அவனது நியாயமான கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போடாதா? பார்த்தீர்களா, ஒரு படத்தின் பொய் ஏழையின் வழக்கை எப்படிக் கெடுக்கும் என்பதை! அறிவியல் தெரிந்தவன் எதிர்த்தாலும் வலிமை, ஆதரித்தாலும் வலிமை.

அறிவியல் என்றால் அஞ்சி ஓடும் மக்களா இவர்கள்? மேற்கே ஓடிக் கடலில் வீணாய்க் கலந்த ஆற்றை, அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள், 1895-ல். அதைவிடப் பெரிய அறிவியல் புனைகதையை எந்தக் கற்பனையாளன் எழுதியிருப்பான்? அந்தக் கனவு நனவானதால்தான் கூடலூரில் நெல் விளைகிறது, கம்பத்தில் பன்னீர்த் திராட்சை பழுக்கிறது. அதைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளரின் படத்தை வீட்டில் மாட்டி, அவர் பிறந்த சனவரி 15-ல் பொங்கலிட்டுப் போற்றும் மக்கள் இவர்கள். ஒரு பொறியாளனை நெஞ்சில் வைத்த மண், அறிவியல் படத்தைக் கண்டு கொட்டாவி விட்டால் குறை மண்ணில் இல்லை, படத்தில்!

நல்ல படம் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தைப் பாருங்கள். 169 நிமிடம். நாயகன் யார்? மக்காச்சோளம் விதைக்கும் உழவன். பயிரெல்லாம் நோயில் அழிகிறது, புழுதி ஊரை மூடுகிறது. பிள்ளைகளைக் காக்க அவன் விண்ணேறுகிறான். கருந்துளையின் அருகே ஒரு கோளில் ஒரு மணி நேரம் நின்றால் பூமியில் ஏழாண்டு ஓடிவிடும்! அங்கே சற்று நேரம் தங்கித் திரும்பியவன், 23 ஆண்டுகளாகப் பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை ஒருசேரப் பார்த்துத் தேம்பி அழுகிறான். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அவன் பிள்ளை வளர்வதைச் செல்பேசியில் பார்க்கும் நம் தாய்க்கு அந்த அழுகை புரியாதா? ஐன்ஸ்டீனின் கோட்பாடு கண்ணீர் வழியே நெஞ்சில் இறங்கிவிடுகிறதே! அந்தப் படத்துக்கு அறிவியல் துணை நின்றவர் கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர். 2017-ல் நோபல் பரிசு பெற்றவர். 2019 ஏப்ரலில் விஞ்ஞானிகள் கருந்துளை ஒன்றின் முதல் படத்தை வெளியிட்டபோது, ஒளிவளையத்தின் நடுவே இருள். பார்த்தவர்களுக்கு அந்தத் திரைப்படம்தான் நினைவுக்கு வந்தது. அவர்களும் கற்பனைதான் செய்தார்கள். ஆனால் தெரிந்ததன்மேல் கால் ஊன்றி நின்று, தெரியாததை நோக்கிக் கை நீட்டினார்கள்.

ஆகவே, படமெடுக்கும் நண்பர்களே, நம் எதிர்பார்ப்பைக் கேளுங்கள். கோடிக் கணக்கைக் காட்டாதீர்கள். அது உங்கள் வீட்டுக் கணக்கு. பொய் சொல்லுங்கள், கதைக்கு அது வேண்டும். ஆனால் பொய் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவன் கண்டுகொள்ளும்படி சொல்லுங்கள். நல்ல தமிழில் சொல்லுங்கள். கருந்துளைக்கும் விண்வெளிக்கும் சொல் உண்டு நம்மிடம். அக்காவுக்குப் புரியாத வசனத்தை ஆங்கிலத்தில் படபடவென்று கொட்டிவிட்டு அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைக்காதீர்கள். பிறகு மூன்று மணி நேரம் என்ன, நான்கு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளுங்கள்!

அந்த அக்கா கண்ணசராமல் கடைசிவரை பார்த்தாரென்றால், உங்கள் படம் வென்றது. மறுநாள் விடியற்காலை, மலையேறும் ஜீப்பிலே, பக்கத்தில் இருப்பவளிடம் 'அது எப்படிடீ அப்படி நடக்கும்?' என்று ஒரு கேள்வி கேட்டாரென்றால், நாடே வென்றது!